‘இன்னும் பவரான ஊசி இல்லையா, டாக்டர்?’

வாசகி கேள்வி:

வணக்கம் டாக்டர். என் அப்பாவுக்கு 71 வயது. இருபது வருடமாகச் சர்க்கரை. இரண்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து, திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். ஐசியூவில் 23 நாள் இருந்தார். வென்டிலேட்டர், கழுத்து ரத்தக்குழாயில் மருந்து ஏற்ற ஒரு லைன், சிறுநீருக்கு டியூப் எல்லாம் போட்டிருந்தார்கள். முதல் நாளிலிருந்தே மெரோபெனம் என்ற பவரான ஊசிதான். ஆனாலும் பதினோராம் நாள் குளிர் ஜுரம் வந்தது. ரத்தக் கல்ச்சரில், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையில், ‘கிளெப்சியெல்லா நிமோனியே’ என்ற கிருமி என்று ரிப்போர்ட். வரிசையாக எல்லா மருந்துக்கும் ‘ஆர்’ (கேட்காது), கொலிஸ்டினுக்கு மட்டும் ‘ஐ’ (இடைநிலை). அதைப் போட்டதில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.1-லிருந்து 2.9-க்கு ஏறிவிட்டது. எப்படியோ பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டார். கிரியாட்டினின் இப்போது 1.6.

மெரோபெனத்தைவிடப் பவரான மருந்து உலகத்திலேயே இல்லையா? அமெரிக்காவில் இருக்கும் அண்ணன், புது மருந்து வந்துவிட்டது, இவர்கள்தான் போடவில்லை என்கிறான். இது மருத்துவமனை கொடுத்த நோயா? அல்லது அப்பா சளி பிடித்தால் மெடிக்கல் ஷாப்பில் அசித்ரோமைசினோ செஃபிக்சிமோ கேட்டு வாங்கிப் போடுவாரே, அதன் வினையா? வீட்டில் மூன்று வயதுப் பேரன் தாத்தா மடியை விட்டு இறங்கமாட்டான். பிரித்து வைக்கச் சொல்கிறார்கள். கடைசியாக ஒன்று: டியூப் இன்னும் இருக்கிறது. போன வாரம் சிறுநீர் கல்ச்சரில் அதே கிருமி. ஜுரம் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறார். ஆனாலும் வீட்டிலேயே பத்து நாள் ஊசி போட வேண்டும் என்கிறார் பக்கத்து டாக்டர். வரும் திங்கள்கிழமை ஆரம்பிக்கிறோம். சரியா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். மற்றதெல்லாம் நடந்து முடிந்தது, ஊசி இன்னும் ஆரம்பிக்கவில்லை.

நீங்கள் எழுதியிருக்கிறபடி ஜுரம், குளிர் நடுக்கம், புதிதாக ஒரு குழப்பம் அல்லது தூக்கக் கலக்கம், விலாவில் வலி, ரத்த அழுத்தம் இறங்குவது, இதில் எதுவுமே இல்லை என்றால் அந்தக் கல்ச்சர் ரிப்போர்ட்டுக்கு வைத்தியம் தேவையில்லை. டியூப் போட்டிருப்பவர்களில் ஒவ்வொரு நாளும் நூற்றுக்கு மூன்று முதல் ஏழு பேர் வீதம் சிறுநீரில் புதிதாகக் கிருமி குடியேறிக்கொண்டே போகும். ஒரு மாதம் டியூப் இருந்தால் கிட்டத்தட்ட எல்லாருக்குமே இருக்கும். கிருமி அங்கே குடியிருக்கிறது, அவ்வளவுதான். நோய் செய்யவில்லை. இப்போது பத்து நாள் ஊசி போட்டால் அது கொஞ்சம் பதுங்கும், டியூப் உள்ளே இருக்கிறவரை திரும்ப வரும். வரும்போது, இன்று மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு மருந்துக்கும் கேட்காததாக வரலாம். கொலிஸ்டினை மறுபடி போட்டால் 1.6-க்கு இறங்கிய கிரியாட்டினின் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள்.

சிறுநீர் கலங்கலாக இருக்கிறது, நாறுகிறது என்பது மட்டும் தொற்று ஆகாது. இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள்: மாதிரியை எங்கிருந்து எடுத்தார்கள்? தொங்கும் பையிலிருந்து பிடித்து அனுப்பியிருந்தால் அந்த ரிப்போர்ட்டைக் கிழித்தே போடலாம். பையில் தேங்கிக் கிடக்கும் சிறுநீரில் எதுவும் வளரும்.

விதிவிலக்கு உண்டு. புராஸ்டேட் மாதிரி சிறுநீர்ப் பாதையில் ஏதாவது அறுவை செய்யப்போகிறார்கள் என்றால், அதற்குச் சற்று முன்பாக மருந்து கொடுப்பது அவசியம். அப்பாவை நான் பார்க்கவில்லை. உங்கள் டாக்டர் பார்த்திருக்கிறார். அதனால் அவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். “தொந்தரவு எதுவும் இல்லையே டாக்டர், இருந்தும் எதற்காகப் போடுகிறோம்?” என்று மட்டும் கேளுங்கள். திருப்தியான பதில் வராவிட்டால் டிஸ்சார்ஜ் செய்த இடத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். நடுக்கத்தோடு ஜுரமோ அரைத்தூக்கமோ வந்தால் இதெல்லாம் செல்லாது, நேராக காஷுவாலிட்டிக்குப் போய்விடுங்கள்.

இப்போது அந்த ‘ஆர்’ விஷயம். அந்த எழுத்தைப் போடுவது என்னைப் போன்ற நுண்ணுயிரியல் டாக்டர்கள்தான். அதனால் அது எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன்.

ரத்தத்தில் வளர்ந்த கிருமியை ஒரு வட்டத் தட்டில், வெளிர் மஞ்சளாக உறைந்திருக்கும் ஜெல்லி மேல் சீராகப் பூசுவோம். கிளெப்சியெல்லா வெண்டைக்காய் மாதிரி கொழகொழக்கும். கம்பியால் தொட்டுத் தூக்கினால் நூல் இழுக்கும். பூசிய தட்டின் மேல் மருந்தில் ஊறவைத்த சின்னச் சின்னக் காகித வில்லைகளை வைத்து, ராத்திரி முழுக்க 35 டிகிரிச் சூட்டில் விட்டுவிடுவோம். காலையில் தட்டு பூராவும் மாவு படிந்தது போல் கிருமி வளர்ந்திருக்கும். மருந்து கேட்கிற வில்லையைச் சுற்றி மட்டும் தெளிவான ஒரு வட்டம். அந்த வட்டத்தை ஸ்கேல் வைத்து அளப்போம். கிளெப்சியெல்லாவுக்கு மெரோபெனம் வட்டம் 23 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் ‘எஸ்’ (மருந்து கேட்கும்), 19-ம் அதற்குக் கீழும் ‘ஆர்’. கிருமி வில்லையின் விளிம்பு வரை வந்து ஒட்டிக்கொண்டு வளர்ந்திருந்தால் ‘6’ என்று எழுதுவோம். அது வட்டத்தின் அளவு அல்ல, வில்லையின் சொந்த அளவே 6 மில்லிமீட்டர். உங்கள் அப்பாவின் தட்டு அநேகமாக அப்படித்தான் இருந்திருக்கும்: வட்டமே இல்லாமல், வரிசையாக ஆறு, ஆறு, ஆறு.

இதிலிருந்து ஒன்று புரியும். கிருமிக்குத்தான் ‘ஆர்’, அப்பாவுக்கு அல்ல. “எங்கப்பா உடம்புக்கு இனி எந்த மருந்தும் கேக்காதாமே” என்று அழுதுகொண்டு என் அறைக்கு வந்தவர்கள் நிறைய. நாளைக்கே அவருக்கு வேறொரு கிருமியால் காலில் சீழ் வைத்தால், சாதாரண மாத்திரையிலேயே ஆறிவிடலாம்.

கொலிஸ்டினுக்கு ‘ஐ’ என்று இருந்ததால் அரைகுறையாக ஏதோ போட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். 2020 முதல் நாங்கள் பின்பற்றும் அமெரிக்க விதிமுறையில் கொலிஸ்டினுக்கு ‘எஸ்’ என்ற எழுத்தே கிடையாது. ‘ஐ’ அல்லது ‘ஆர்’, இரண்டுதான். அது 1970-களில் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று ஓரங்கட்டப்பட்ட பழைய மருந்து. புது மருந்துகள் கைவிட்டபோது பரணிலிருந்து எடுத்துத் தூசி தட்டிக்கொண்டோம். அதன் குணம் மாறவில்லை, நம் நெருக்கடிதான் மாறியது. உங்கள் டாக்டர்கள் தெரிந்தேதான் அந்த ஆபத்தை எடுத்திருப்பார்கள். கிரியாட்டினின் இறங்கிவருவது நல்ல அறிகுறி. மூட்டுவலி என்று, சிறுநீரகத்தைக் கெடுக்கும் டைக்ளோஃபெனாக் மட்டும் வாங்கிப் போட்டுவிடாதீர்கள்.

சரி, ‘பவர்’. இந்தச் சொல்தான் நம் ஊரில் எல்லாக் குழப்பத்துக்கும் வேர். மருந்து என்றால் பல்பு மாதிரி, நாற்பது வாட்டில் தெரியவில்லை என்றால் நூறு வாட் போட வேண்டும் என்று நினைக்கிறோம். டாக்டர்களும் “ஹை ஆன்டிபயாட்டிக் ஆரம்பிச்சிருக்கோம்” என்று சொல்லி அதை வளர்க்கிறோம். மெரோபெனம் பவர் அதிகமான மருந்து அல்ல. அதிக வகைக் கிருமிகளைக் கொல்கிற மருந்து. இது வேறு, அது வேறு.

முதல் நாளிலிருந்தே மெரோபெனம் போட்டார்கள் என்கிறீர்கள். பக்கவாதத்தோடு உணவு மூச்சுக்குழாயில் போய் நிமோனியா வந்திருந்தால் ஏதோ ஓர் ஆன்டிபயாட்டிக் தேவைப்பட்டிருக்கலாம், அதைக் கேஸ் ஷீட் பார்க்காமல் நான் சொல்ல முடியாது. ஆனால் அந்த மருந்து நுரையீரலோடு நிற்காது. குடலில் கோடிக்கணக்கில் இருக்கும் சாதுவான கிருமிகளையும் துடைத்துவிடும். வறண்ட ஏரியில் புல் பூண்டெல்லாம் கருகிய பிறகு சீமைக்கருவேலம் மட்டும் நின்று பரவுமே, அப்படித்தான். மெரோபெனத்துக்குச் சாகாத ஒரு கிளெப்சியெல்லா அந்த நேரம் உள்ளே வந்தால், அல்லது ஏற்கெனவே ஓரமாக இருந்தால், இடம் முழுக்க அதற்குத்தான். அங்கிருந்து கழுத்து லைனுக்கோ சிறுநீர் டியூபுக்கோ வர வெகுதூரம் இல்லை.

சாகாதது ஏன்? அது ஒரு நொதியை (என்சைம்) சுரக்கிறது. மருந்து மூலக்கூறின் நடுவே இருக்கும் வளையத்தை அந்த நொதி வெட்டிவிடும். டோஸை ஏற்றினால் வெட்டுவதற்குக் கூடுதலாகக் கிடைக்கும், அவ்வளவுதான். நம் நாட்டில் இதில் பேர்போனது என்டிஎம், நீட்டிச் சொன்னால் நியூ டெல்லி மெட்டலோ பீட்டா லாக்டமேஸ். 2008-ல் டெல்லியில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஸ்வீடன்காரர் ஒருவரிடம் முதலில் தெரிந்தது. 2010-ல் ‘லான்செட்’ குழும மருத்துவ இதழில் பெரிய ஆய்வு வந்தபோது அதை எழுதியவர்களில் முதல் பெயர் கார்த்திகேயன் குமாரசாமி, நம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தைச் சேர்ந்தவர். அந்த ஆய்வில் சென்னை மாதிரிகளில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 என்று இந்த நொதி உள்ள கிருமிகள் கிடைத்தன. அடுத்த வருடம் டெல்லியில் தெருவில் தேங்கிய நீர் 171 மாதிரி எடுத்ததில் 51-லும், குடிநீர் 50 மாதிரியில் இரண்டிலும் இந்த நொதியை உண்டாக்கும் மரபணு. தலைநகரின் பெயரை வைத்துவிட்டார்களே என்று அன்று டெல்லிக்கு வந்த கோபம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதில் பாதிக் கோபம் சாக்கடை மேல் வந்திருக்கலாம்.

இந்த மரபணு ஒரு சின்ன டிஎன்ஏ வளையத்தில் ஏறிக்கொண்டு ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். அதே வளையத்தில் வேறு பல மருந்துகளை முறிக்கும் மரபணுக்களும் சேர்ந்தே பயணம் செய்யும். ரிப்போர்ட்டில் சம்பந்தமே இல்லாத மருந்துகளுக்கும் ஒரே வரிசையில் ‘ஆர்’ விழுவது இதனால்தான்.

அண்ணன் சொல்லும் மருந்து அநேகமாக செஃப்டாசிடிம்-அவிபாக்டம். நல்ல மருந்துதான். ஆனால் அமெரிக்காவில் அதிகம் காணப்பட்டது கேபிசி என்ற நொதி. அவிபாக்டம் அதை அடக்கும். நம் ஊரில் பெரும்பாலும் என்டிஎம், ஆக்ஸா-48, அல்லது இரண்டும் சேர்ந்து. ஆக்ஸா-48-ஐ அவிபாக்டம் அடக்கும், என்டிஎம்மை அடக்காது. என்டிஎம்முக்கு அதோடு அஸ்ட்ரியோனம் என்ற இன்னொரு ஊசியையும் சேர்த்துப் போட வேண்டும். ஒரு நாள் செலவே பல ஆயிரம். இங்கே பல மருத்துவமனைகளில் போடுகிறார்கள், பலன் தருகிறது. உங்கள் அப்பாவுக்கு ஏன் போடவில்லை என்று கேட்பது நியாயம்தான். எந்த நொதி என்று மரபணுப் பரிசோதனை செய்தார்களா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

அடுத்தது, யார் குற்றம்.

சேர்ந்து 48 மணி நேரத்துக்குப் பிறகு தொடங்குகிற தொற்றை மருத்துவமனைத் தொற்று என்று கணக்கு வைப்பது வழக்கம். அப்பாவுக்குப் பதினோராம் நாள். ஆகவே எங்கள் கணக்கில் அது மருத்துவமனையில் வந்ததுதான். மழுப்ப மாட்டேன். ஆனால் எப்படி வந்தது என்பது அவ்வளவு லேசில் பிடிபடாது. ஒரு சம்பவம் சொல்கிறேன்.

பல வருடத்துக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில், ஐசியூவின் நாலாம் நம்பர் கட்டிலில் மட்டும் அடுத்தடுத்து மூன்று பேருக்கு ஒரே மாதிரி கிளெப்சியெல்லா. தட்டில் அதே ஆறு, ஆறு, ஆறு. மெத்தையை மாற்றினோம், வென்டிலேட்டரைத் துடைத்து மாதிரி எடுத்தோம், சிஸ்டர்களின் கைகளில் எடுத்தோம். ஒன்றும் கிடைக்கவில்லை. ஒருநாள் மத்தியானம் சும்மா ஒரு ஸ்டூல் போட்டு மூலையில் உட்கார்ந்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் கைகழுவும் பேசின். ஒரு சிஸ்டர் மிச்சம் இருந்த குளுக்கோஸ் டிரிப்ஸை அதில் ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் ஆயாம்மா வந்து சிறுநீர் அளக்கிற ஜக்கை அதிலேயே அலசினார். குழாயைத் திறந்தால் தண்ணீர் நேராக வடிகால் ஓட்டையில் விழுந்து தெறித்தது. ஒரு பக்கம் கட்டில் கம்பி, இன்னொரு பக்கம் ஊசி கலக்குகிற டிரே. வடிகாலுக்குள் பஞ்சுக் குச்சி விட்டு எடுத்தேன். மறுநாள் தட்டில் நூல் இழுத்தது. குளுக்கோஸ் ஊற்றி நாங்களே வளர்த்திருக்கிறோம். அந்த பேசினுக்கு மேலே ‘கைகளைக் கழுவுவீர்’ என்று போஸ்டர் ஒட்டியது நான்தான்.

அந்த மூவரில் இருவர் பிழைத்தார்கள்.

அதனால் உங்கள் மருத்துவமனையைக் கேட்கக் கூடாது என்று சொல்ல மாட்டேன், கேட்க வேண்டும். நோயாளியின் ஆவணங்களை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் டாக்டர் தர வேண்டும் என்பது 2002-லிருந்தே விதி. தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதி, அதே மாதத்தில் அதே ஐசியூவில் வேறு யாருக்காவது இந்தக் கிருமி வந்ததா என்று கேளுங்கள். நல்ல மருத்துவமனை என்றால் இந்தக் கேள்விக்குக் கோபப்படாது. கழுத்து லைன் எந்த நாள் போட்டது, எந்த நாள் எடுத்தது, இடையில் தினமும் ‘இது இன்னும் தேவையா’ என்று யாராவது எழுதியிருக்கிறார்களா என்று கேஸ் ஷீட்டில் பாருங்கள். நான் இருந்தால் மருந்துப் பட்டியலைவிட இதைத்தான் முதலில் புரட்டுவேன்.

அப்பாவின் அசித்ரோமைசினைப் பற்றி: சளிக்கு அதை வாங்கிப் போட்டது வீண்தான், சளி வைரஸால் வருவது. ஒவ்வொரு முறையும் குடலில் கொஞ்சம் இடம் காலியாகியிருக்கும். செஃபிக்சிம் போன்றவற்றை விற்கும்போது டாக்டர் பெயர், நோயாளி பெயர் எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று 2014 மார்ச் முதல் சட்டம் இருக்கிறது. கடைக்காரர் அதை மதிக்கவில்லை என்பதற்கு அப்பாவை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? மருத்துவமனை வாசலையே மிதிக்காத நம்மில் பலர் குடலிலும் மருந்துக்குக் கேட்காத கிருமி இருக்கிறது. அந்த மாத்திரைகளால்தான் இது வந்தது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. அவர் காதுபட அந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.

பேரனைப் பிரிக்க வேண்டாம். நல்ல ஆரோக்கியமான குழந்தையை இந்தக் கிருமி பொதுவாக ஒன்றும் செய்யாது, காற்றில் பறந்து வந்து ஒட்டவும் செய்யாது. தனித் தட்டு, தனி டம்ளர் எல்லாம் அவசியமில்லை. இது குடலிலும் சிறுநீரிலும் இருக்கிறது, கை வழியாகப் போகிறது. பையைத் தொட்டவர், டயபர் மாற்றியவர், சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் கை கழுவிவிட்டுத்தான் குழந்தையையோ சமையலறையையோ தொட வேண்டும். பையைக் கக்கூஸில் மட்டும் காலி செய்யுங்கள். வாஷ்பேசினில் வேண்டவே வேண்டாம், காரணம் மேலே எழுதிவிட்டேன். பை தரையில் படக் கூடாது, இடுப்புக்கு மேலே தூக்கவும் கூடாது. குழந்தை அந்த டியூபைப் பிடித்து இழுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மடியில் உட்காருவதில் எனக்கு இருக்கும் ஒரே பயம் அதுதான். வீட்டில் யாராவது கீமோ எடுத்துக்கொண்டிருந்தாலோ, பச்சைக்குழந்தை இருந்தாலோ தனியாகக் கேளுங்கள்.

ஐசியூவில் பார்க்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை, அப்பா மறுபடி போகவேண்டி வந்தால். விபூதி பூசிவிடுங்கள், காலைப் பிடித்துவிடுங்கள், அது அவருக்குத் தெம்பு. உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் வாசலில் இருக்கும் ஸ்பிரிட் திரவத்தை இருபது முப்பது விநாடி கைகளில் தேய்த்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் கட்டில் பெரியவருக்கும் அதே கையால் பூசிவிட வேண்டாம். சேர்க்கும்போதே இந்தக் கல்ச்சர் ரிப்போர்ட்டைக் காஷுவாலிட்டி டாக்டர் கையில் கொடுங்கள். கிருமி குடலில் மாதக்கணக்கில் இருக்கக்கூடும். முன்கூட்டியே தெரிந்தால் வீணாக மெரோபெனத்தில் மூன்று நாளைத் தொலைக்க மாட்டார்கள், மற்ற நோயாளிகளிடமிருந்து தள்ளிப் படுக்கவும் வைப்பார்கள்.

திங்கள்கிழமைக்கு வருகிறேன். அன்று ஊசிக்குப் பதிலாக யூராலஜி டாக்டரிடம் அப்பாவைக் கூட்டிப் போங்கள். டியூபை எடுத்துவிட்டு, தானாகச் சிறுநீர் போகிறாரா என்று ஒரு நாள் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். பக்கவாதம் வந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது, பலருக்கு இதற்குள் அது திரும்பியிருக்கும். போகவில்லை என்றால் ஒரு நாளில் நாலைந்து தடவை மெல்லிய டியூபை விட்டு உடனே எடுத்துவிடும் முறை இருக்கிறது, உங்களுக்கே சொல்லித் தருவார்கள். போகும்போது காலையில் கொஞ்சம் தாராளமாகத் தண்ணீர் கொடுத்துக் கூட்டிப் போங்கள், அங்கே போய்க் காத்திருக்க வேண்டியிருக்காது.